கறளை மட்டும் எடுக்கிறது

பழைய கத்தி தேடுகிற ஆள் கத்திக் கடைக்குப் போய்ப் பிரயோசனமில்லை. பழைய இரும்புக் கடைக்குப் போகவேணும். சைக்கிள் றிம், தண்ணி மோட்டரின்ர மூடி, கதவுப் பிணைச்சல், முறிஞ்ச மண்வெட்டி எல்லாம் அங்கே ஒரே குவியலில் கிடக்கும். குவியலுக்குள் கையை விடாதேங்கோ, ஒரு தடியால் கிளறுங்கோ. கத்தி ஏதாவது வந்தால் கடைக்காரர் தராசில் போட்டு இரும்பு விலைதான் சொல்லுவார். அலகில் 'ஷெஃபீல்ட்' என்று பொறித்திருந்தாலும் சரி, பக்கத்து ஊர்க் கொல்லர் அடித்ததாக இருந்தாலும் சரி, கிலோவுக்கு ஒரே விலை. அந்தச் சமத்துவம் எங்களுக்குப் பிடிக்கும்.

கூரை பிரிக்கிற வீடு இன்னொரு நல்ல இடம். கிடுகை இறக்கிவிட்டுத் தகரமோ ஓடோ போடும்போது, இறப்பில் செருகி வைத்து மறந்துபோன கத்திகள் கீழே விழும். எங்கட ஆச்சிமாருக்குக் கத்தி வைக்கிறதுக்கென்று தனி லாச்சி இருக்கவில்லை. சின்னப்பிள்ளையளுக்கு எட்டாத உயரத்தில், குசினிப் புகை படுகிற இடத்தில் செருகுவார்கள். புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த இரும்பில் கறள் லேசில் பிடிக்காது. அப்படி எங்களுக்குக் கிடைத்தவைதான் ரெண்டு வில்லுக்கத்தி, ஒரு பாக்குவெட்டி, ஓலை கிழிக்கிற சத்தகம் மூன்று. கொழும்புக்குப் போகிற ஆட்களிடம் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு நடை நடந்து பார்க்கச் சொல்லுவோம். அங்கே வாகன உதிரிப்பாகங்களுக்கு நடுவில் எப்போதாவது ஒன்று கிடைக்கும்.

நாங்கள் நாலு பேர். ரெண்டு பேர் வேலை, ஒருத்தி கம்பஸ், ஒருத்தன் வேலை தேடுகிறான். மூன்று வருடமாகச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஒருவரின் வீட்டுக் கோடிப்பக்கத்தில், மாமரத்துக்குக் கீழே ஒரு பழைய வாங்கைப் போட்டு இந்த வேலை நடக்கிறது. இதுவரை 31 கத்தி. ஒன்றையும் விற்கவில்லை. பாதிக்கு மேல் சொந்தக்காரர் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டது. இதால என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை. கிரிக்கெட் பார்க்கிறதால என்ன லாபம்?

முதலில் கறளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். எல்லாக் கறளும் ஒன்றில்லை. சிவப்பாக, பொருபொருவென்று உதிர்கிறது கத்தியைத் தின்கிற கறள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளுக்கு இறங்கிக்கொண்டே போகும். கறுப்பாக, இறுக்கமாக, விரலில் ஒட்டாமல் இருக்கிறதும் இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்ததுதான். ஆனால் அது ஒரு தோல் மாதிரி அலகை மூடிக் காக்கும். வருடக்கணக்காகப் பாக்கும் மாங்காயும் தேசிக்காயும் வெட்டின கத்தியில் ஒரு சாம்பல் நீலம் படியும். அதுவும் அப்படியான காவல்தான்.

சிவப்பை எடுக்கச் சாதாரண வினாகிரி போதும். கடையில் விற்கிறதில் நூற்றுக்கு 5 பங்களவு அசற்றிக் அமிலம் இருக்கும். பிடியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, அலகை மட்டும் அமிழ்த்தி, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எடுத்துப் பழைய பல்துலக்கும் பிறஷால் உரஞ்சவேணும். இரவு முழுக்க ஊறவிட்டால் அமிலம் நல்ல இரும்பையும் கடிக்கத் தொடங்கும். அலகில் சின்னச் சின்னப் பள்ளம் விழும். எடுத்ததும் அப்பச்சோடா கரைத்த தண்ணியில் கழுவி, வெயிலில் காயவைத்து, உடனே எண்ணெய் பூசவேணும். தேங்காய் எண்ணெய் நல்லது. நல்லெண்ணெய் கொஞ்ச நாளில் காற்றுப்பட்டுப் பிசினாகிவிடும், தூசியெல்லாம் அதில் ஒட்டும். புளியும் தேசிக்காய்ப் பாதியும் இதே வேலையைச் செய்யும். எங்கட அம்மாமார் பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்கிற வேலைதான், பேர்தான் வேறை.

கிறைண்டர் வைத்திருக்கிற ஆட்கள் கவனம். காய்ச்சித் தோய்ச்சல் போட்ட கார்பன் உருக்கு ஒரு கணக்கான சூட்டுக்கு மேல் போனால் தன் கடினத்தை இழக்கும். அந்தச் சூட்டை அலகே நிறத்தில் காட்டும். சுமார் 230 பாகை செல்சியசில் வைக்கோல் மஞ்சள், பிறகு ஊதா, 300ஐ நெருங்கும்போது நீலம். நீலம் வந்த இடம் அதுக்குப் பிறகு கூர் நிற்காத இடம். கல்லும் தண்ணியும் கையும் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் இந்த ஆபத்து இல்லை. சமையல் கத்திக்கு ஒரு பக்கம் 20 பாகையளவு சரிவு போதும். விறகு கொத்துகிற காட்டுக்கத்திக்கு அதைவிடத் தடிப்பாக விடவேணும், இல்லாட்டி வாய் மடியும்.

உறை, அது வேறை உலகம். தோல் உறை கிடைத்தால் அது அநேகமாகக் காய்ந்து, வெடித்து, தையல் விட்டுத்தான் இருக்கும். தண்ணியில் ஊறவைக்கக் கூடாது. ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, நிழலில் ஆறவிட்டு, தேன்மெழுகும் எண்ணெயும் உருக்கிக் கலந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தால் தோல் திரும்ப வளையத் தொடங்கும். பழைய தையல் ஓட்டைகளிலேயே மெழுகிட்ட நூலைக் கோத்துத் தைப்போம், புது ஓட்டை போடுகிறதில்லை. உறை கத்தியைக் காப்பாற்றும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறது. தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட பொருட்களின் மிச்சமும் அதில் இருக்கும். மாதக்கணக்காக உறைக்குள் கிடந்த கத்தியில்தான் நாங்கள் மிக மோசமான கறளைக் கண்டிருக்கிறோம். உறை கொண்டுபோகிறதுக்கு, வைக்கிறதுக்கு இல்லை.

இணையத்தில் இந்த வேலையைச் செய்து காட்டுகிற காணொளிகள் நிறைய. நாங்களும் பார்த்துத்தான் ஆசைப்பட்டோம். ஆனால் அநேகமாக எல்லாவற்றிலும் முடிவு ஒன்று: முகம் பார்க்கலாம் போல மினுங்குகிற அலகு, புதுப் பிடி, புது உறை. பழைய கத்தி எங்கே? சாண்ட்பேப்பரில் 120, 400, 1000 என்று ஏறிக்கொண்டே போனால், அந்தக் கத்தியை வைத்திருந்த ஆளின் மிச்சம் ஒன்றும் இருக்காது. அதால எங்களுக்குள் ஒரு பேச்சு: கறளை மட்டும் எடுக்கிறது. தேய்வை, கொல்லரின் சுத்தியல் அடையாளத்தை, பிடியில் விழுந்த குழியைத் தொடுகிறதில்லை.

உதாரணத்துக்கு ஒரு காட்டுக்கத்தி. அலகின் நடுவில் வட்டமான ஒரு ஓட்டை, ஒரு தேவையும் இல்லாமல். கொல்லர் ஐயா ஒருவரிடம் காட்டினோம். கையில் வாங்கிப் பாராமலே சொன்னார், "இது லொறியின்ர வில்லுத் தகடு. தகடுகளைச் சேர்த்து ஆணி பூட்டுற ஓட்டை. தொண்ணூறுகளில அடிச்சதா இருக்கும்." பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்குக்கு வராத சாமான்களில் இரும்பும் ஒன்று. ஓடாத லொறிகள் இருந்தன, எரிபொருளும் இல்லை. அதின்ர வில்லுத் தகட்டை வெட்டி, சிரட்டைக்கரி உலையில் காய்ச்சிக் கத்தியாக்கினார்கள். அது நல்ல உருக்கும்கூட, தோய்ச்சல் பிடிக்கிற உருக்கு. அந்த ஓட்டையை வெல்ட் பண்ணி மூடலாமே என்று ஒருவர் கேட்டார். மூடினால் அது வெறும் காட்டுக்கத்தி.

அதே ஐயா இன்னொன்றும் சொன்னார். "என்னட்டை வாள் அடிச்சுத் தரச்சொல்லி வாற பொடியளும் இருக்கிறாங்கள் தம்பியவை. நான் மண்வெட்டி, கத்தி, அலவாங்கு மட்டும்தான் எண்டு சொல்லிப்போடுவன். ஆனா விசாரணைக்கு வாறவை முதல்ல என்ர பட்டறைக்குத்தான் வருவினம்."

இதைக் கதைக்காமல் விட முடியாது. யாழ்ப்பாணத்தில் நாலு இளம் ஆட்கள் பைக்குள் பழைய கத்திகளோடு திரிகிறது எப்பிடி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கோ. 'வாள்வெட்டு' என்ற சொல்லைப் பத்திரிகையில் வாசித்து வாசித்து வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஒருநாள் பின்னேரம் ஒரு சந்தியில் எங்களில் ரெண்டு பொடியளையும் மறித்துப் பையைத் திறக்கச் சொன்னார்கள்.

"இதென்ன?"

"பழைய கத்தி. கறள் எடுக்கக் கொண்டுபோறம்."

"கறள் எடுத்து?"

அதுக்கு என்ன சொல்லுறது? கறள் எடுத்து, எண்ணெய் பூசி, பார்த்துக்கொண்டிருப்போம் என்றா? பேர், ஊர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதி, முக்கால் மணித்தியாலம் வெயிலில் நிற்கவைத்து அனுப்பினார்கள். அதுக்குப் பிறகு கத்தி கொண்டுபோகிறது எங்களில் பெட்டையள்தான். பிடி கழற்றி, பேப்பரில் சுற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குள். இதில் சிரிக்கவும் இருக்கிறது, சிரிக்க முடியாததும் இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கு வெட்டினதும் தேங்காய் பிளந்ததும் ஓலை கிழித்ததும் கத்திதான். எங்கட தலைமுறைக்கு அந்தச் சொல்லோடு முதலில் ஞாபகம் வருகிறது காயமும் வழக்கும்.

இந்தத் தீவுக்கு இரும்போடு பழைய உறவு. சமனலவெவப் பக்கத்து மலைச்சரிவுகளில் தென்மேல் பருவக்காற்றை நேரே முகத்தில் வாங்கி எரிந்த இரும்புருக்கு உலைகளைப் பற்றி ஜில் ஜூலெஃப் என்கிற தொல்லியலாளர் 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். துருத்தி ஊத ஆள் தேவையில்லை, காற்றே ஊதும். காலம் 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை. கண்டிக் கைவினைஞர்களின் வேலையை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளிவந்த தன் பெரிய புத்தகத்தில் விபரித்தார். கொழும்பு நூதனசாலைக்குப் போனால் 'பிஹியா' எனப்படும் அந்தக் கண்டிக் கத்திகளைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். வெள்ளியும் பித்தளையும் பதித்தவை, தந்தப் பிடி போட்டவை. வடிவான சாமான்கள். நாங்கள் நெடுநேரம் நின்று பார்த்தோம். ஆனால் அவை தேயாத கத்திகள். அரசருக்கும் பிரதானிகளுக்கும் செய்தவை, ஒரு நாளைக்கு ரெண்டு தரம் மரத்தில் ஏறி இறங்கினவை இல்லை.

மரத்தில் ஏறி இறங்கின ஒன்று போன மாரிக்கு எங்கட வாங்குக்கு வந்தது. இதை எழுதலாம் என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் எழுதுகிறோம், ஊரும் பேரும் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு.

எங்களில் ஒருத்தி வீட்டில் பரண் துப்புரவாக்கும்போது, சாக்குக்குள் சுற்றின ஒரு பொதி கண்டாள். உள்ளே ஒரு பாளைக்கத்தி. அகலமான, மெல்லிய அலகு. கூடவே அதை வைக்கிற இயனக்கூடு. தெரியாதவர்களுக்கு: பனை ஏறுகிறவர் இடுப்பில் கட்டுகிற கூடு அது, கத்தியை அதுக்குள் வைத்துக்கொண்டால் ரெண்டு கையும் மரத்துக்கு. அவளின் அப்பப்பாவினுடையது. அவள் பிறக்க முதலே செத்துப்போனவர். தகப்பன் அரச உத்தியோகத்தர், ஓய்வு பெறக் கிட்ட. பொதியைக் கண்டதும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அது எங்க கிடந்தது? கண்டபடி ஆக்களுக்குக் காட்டாதை."

அவள் எங்களிடம் கொண்டுவந்தாள். நாங்கள் உடனே தொடவில்லை. ரெண்டு சனிக்கிழமை வாதாடினோம். எங்கட ஊர்களில் அந்தத் தொழிலின் பேரைச் சொல்லுறதும் சாதியைச் சொல்லுறதும் ஒன்றுதான். அவளின் அப்பா பள்ளிக்கூடத்தில் எந்தப் பேரால் கூப்பிடப்பட்டிருப்பார் என்று எங்களுக்கு விளங்கும். மறைத்துவைத்தது அவர், அதைத் தோண்டுகிற உரிமை எங்களுக்கு இருக்கா என்று ரெண்டு பேர் கேட்டோம். அவள் சொன்னாள், "என்ர அப்பப்பா. நான் ஒருக்காலும் காணாத ஆள். அவற்றை ஒரு போட்டோவும் வீட்டில இல்லை. இருக்கிறது இதுதான்." மற்ற மூன்று பேரின் வீடுகளிலும் பழைய கத்தி வெளியே வந்தால் அது பரம்பரைச் சாமான், வருகிற ஆட்களுக்கு எடுத்துக் காட்டுகிற ஒன்று. இவளின் வீட்டில் மட்டும் அது சாக்குக்குள் கிடந்தது. அந்த வித்தியாசத்துக்கு நாங்கள் மூன்று பேரும் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியவில்லை.

அவளே செய்யட்டும், நாங்கள் பக்கத்தில் இருப்போம் என்று முடிவானது.

கறள் அதிகமில்லை. வைத்தவர் எண்ணெய் பூசி வைத்திருக்கிறார், வெறுத்து வைக்கிறவர் எண்ணெய் பூசமாட்டார். அலகின் நடுப்பகுதி, நாளாந்தம் தீட்டித் தீட்டி, ஒரு பக்கத்தைவிட நல்லாய் ஒடுங்கியிருந்தது. பிடியில் பெருவிரல் பதிகிற குழி. மூன்று பேர் பிடித்துப் பார்த்தோம், பொருந்தவில்லை. இடக்கைக்காரனான ஒருத்தன் பிடித்தபோது பொருந்தியது. இயனக்கூட்டின் அடியில் வெள்ளையாய் ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. முதலில் பூஞ்சணம் என்று நினைக்கத் தோன்றும். ஒரு பொட்டுச் சுரண்டி ஒரு துளி வினாகிரி விட, நுரைத்தது. சுண்ணாம்பு. முட்டியின் உட்பக்கத்தில் சுண்ணாம்பு பூசினால் பனையில் இருந்து சொட்டுகிறது புளிக்காது, அது கள்ளில்லை, கருப்பணி. கருப்பணி காய்ச்சித்தான் பனங்கட்டி. அப்ப இந்த மனுசன் கள்ளோடு கருப்பணியும் இறக்கியிருக்கிறார். ஊரில் எத்தனை வீட்டுத் தேத்தண்ணிக்குக் கடிக்கிற பனங்கட்டி இந்தக் கத்தியால் சீவின பாளையில் இருந்து வந்திருக்கும்? ஆறு மாதத்துச் சமையலுக்கு வாங்கின வீடுகளில் எத்தனை அவரைப் படலைக்கு வெளியில் நிற்கவைத்தன?

சுண்ணாம்பை அவள் சுரண்டவில்லை. நாங்களும் சுரண்டச் சொல்லவில்லை.

கூராக்கிறதா விடுறதா என்றுதான் கடைசிக் கதை. அன்றைக்கு அவளின் வீட்டில் இருந்தோம். தகப்பன் தேத்தண்ணித் தட்டோடு வந்தவர், தட்டை வைத்துவிட்டுப் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றார்.

"மொட்டைக் கத்தியை என்னத்துக்கு வைச்சிருக்கிறியள்?"

"தீட்டினா பழைய வாய் போயிடும் எண்டு யோசிக்கிறம் அங்கிள்."

"உது நாளுக்கு நாள் தீட்டுற கத்தி. தீட்டாம விட்டாத்தான் பழைசு போகும்."

ஒரு பலகைத் துண்டு கேட்டார். வெள்ளைக்கல்லு பொறுக்கி வரச்சொன்னார். அதை இடித்துப் பொடியாக்கி, துணியில் அரித்து, பலகையில் தூவி, கத்தியைப் படுக்கவைத்து இழுக்கத் தொடங்கினார். வெள்ளைக்கல்லின் பொடி உருக்கைவிடக் கடினம். மரத்தில் பதிந்து அலகை மயிரளவு மயிரளவாகத் தீட்டும். விஷயம் எங்களுக்குப் புத்தகத்தில் விளங்கும். அவரின் மணிக்கட்டு போன விதம் புத்தகத்தில் இல்லை. இழுக்கும்போது வலது கையால் பிடித்திருந்தார், பிறகு நிறுத்தி, பிடியைப் பார்த்து, இடக்கைக்கு மாற்றினார்.

"அப்பு இடக்கைக்காரன்," என்றார். "விடிய நாலு மணிக்கு இந்தச் சத்தத்துக்குத்தான் நான் எழும்பிப் படிக்கிறனான்."

அவள் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தீட்டி முடிய, நகத்தில் வைத்துக் கூர் பார்த்தார். துடைத்து எண்ணெய் பூசி மகளிடம் கொடுத்தார். "பேஸ்புக்கில போடாதேங்கோ" என்று மட்டும் சொன்னார். போடவில்லை. இதை வாசித்துக் காட்டினபோது, சுண்ணாம்பு பற்றின இடத்தில் ஒரு திருத்தம் சொன்னார்: கருப்பணி எல்லா நாளும் இல்லை, பனங்கட்டிக் காலத்தில் மட்டும்தான்.

கத்தி இப்ப பரணில் இல்லை. குசினி அலுமாரியின் மேல்தட்டில், எண்ணெய்த் துணியில் சுற்றி, கூட்டுக்கு வெளியில் இருக்கிறது. இயனக்கூட்டின் இடுப்பு நார் அறுந்தபடியே கிடக்கிறது. நைலோன் கயிறு போடலாம் என்று ஒருத்தன் சொல்ல, மூன்று பேரும் முறைத்தோம். அந்த நாரை வார்ந்து முறுக்கத் தெரிந்த ஒரு ஐயா தென்மராட்சிப் பக்கம் இருக்கிறாராம். மழை விட்டதும் போய்ப் பார்க்கவேணும்.